மண்டலம் எறங்கு

அந்த வெள்ளை வேன் கீழ வீதிக்குள் திரும்பும்போதே தில்லையம்மாளுக்குப் பயம் வந்துவிடும். வேனின் பக்கவாட்டில் ஒரு படம் போட்டிருந்தார்கள். இரண்டு கைகளுக்கு நடுவில் ஒரு தலை. கீழே ‘நடமாடும் மனநல சிகிச்சை’ என்று எழுதியிருந்தது. அஞ்சாவதோடு நின்றவள்தான் என்றாலும் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டாள். வாசித்த பிறகு பயம் ஜாஸ்திதான் ஆனது. தலையைத் தடவிக் கொடுக்கிற கையா, திருகுகிற கையா என்று அந்தப் படத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

சிதம்பரம் நடராஜர் கோயிலின் கீழ கோபுரத்துக்கு வெளியே, செருப்பு விடும் இடம் தில்லையம்மாளுடையது. மேலே நீலத் தார்ப்பாய், உள்ளே மூன்று தட்டு மர அலமாரி, உட்கார ஒரு முக்காலி. அவள் புருஷன் கதிர்வேல் இருந்த காலத்தில் போட்ட கடை. அவர் போன பிறகு இவள் ஒண்டியாகப் பார்க்கிறாள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே நம்பர் அடித்த தகர வில்லைகள் இரண்டு உண்டு. ஒன்றைச் செருப்பில் மாட்டுவாள், மற்றொன்று செருப்புக்காரர் கைக்குப் போகும். வில்லையைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள், “அம்மா, என்னைத் தெரியலையா, காலையில வந்தனே” என்று பல்லைக் காட்டுவார்கள்.

“மொகத்த வச்சு செருப்பு குடுக்க முடியாதுங்க. டோக்கன் கொண்டாங்க” என்பாள். குரலை உயர்த்த மாட்டாள், ஆனால் கொடுக்கவும் மாட்டாள். எடுத்ததை எடுத்தவரிடமே சேர்க்க வேண்டும் என்பது அவளுக்கு விளக்கேற்றுவது மாதிரி ஒரு கடமை.

அவள் பயந்தது தனக்காக அல்ல, இலைச்சாமிக்காக.

இலைச்சாமி மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் அந்த வீதிக்கு வந்தவர். ஒசந்த ஆள், சடை விழுந்த தலை, இடது காதில் ஒரு சிவப்புக்கல் கடுக்கன். மதில் ஓரமாக இருக்கும் பூவரச மரத்திலிருந்து கோபுர வாசல்வரை நடப்பார், திரும்பி மரம்வரை நடப்பார். நேராக நடக்க மாட்டார். உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து ஆடும். சில நேரம் ஒரு கையை மேலே தூக்கி, கண்ணுக்குத் தெரியாத எதையோ பிடித்துக்கொண்டு நிற்பார். தூக்கிய கையும் ஆடுகிற உடம்பும், அதுவும் தில்லையில், கூத்தன் வாசலில்! தில்லையம்மாளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பூவரச இலைகளை நீளவாக்கில் மடித்து இடது கையின் விரல் இடுக்குகளில் செருகி வைத்திருப்பார். எதிரே வருகிறவரிடம் நின்று, ஓர் இலையைக் கிள்ளிக் கிழித்து ஒரு துண்டைக் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான். “மண்டலம் எறங்கு.” இழுத்து, ராகமாக, கடைசியில் ஒரு வெட்டு வெட்டி, “மண்டலோம்… எறங்கு!”

தில்லையம்மாளின் ஒரே மகள் காயத்ரியைக் கிள்ளையில் கட்டிக் கொடுத்திருந்தாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வயிறு திறக்கவில்லை. ஒரு நாள் அம்மாவைப் பார்க்க வந்தவளின் கையில் சாமி இலையைக் கிழித்து வைத்து அந்த வாக்கைச் சொன்னார். தில்லையம்மாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு மண்டலம் விரதம் இரு, தெய்வம் இறங்கும் என்றுதானே அர்த்தம்? மகள் கவுச்சி தொடாமல், பாய் விரிக்காமல், வெறுந்தரையில் படுத்து ஒரு மண்டலம் இருந்தாள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

எதிர்க் கடை டீ மாஸ்டர் சுப்பிரமணியனுக்கு இதெல்லாம் பிடிபடாது.

“தில்ல அக்கா, அவன் எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்றான். நேத்து ஒரு ஆட்டுக்குட்டிக்கு எல குடுத்து, மண்டலம் எறங்குன்னான். அதுக்கும் வளைகாப்பு வெப்பியா?”

“அது கெடாக்குட்டிடா. போய் டீய ஆத்து.”

வேன் வியாழக்கிழமைகளில் வந்தது. ஓட்டி வருகிறவன் பாலகுமார் என்கிற ஒல்லியான பையன். அவனோடு ஜெயராணி என்ற நர்சு. முப்பது வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதில் மிளகு அளவு சிலுவை. முதல் நாள் அவள் பிஸ்கட் பாக்கெட்டோடு நேராகச் சாமியிடம் போய்க் குந்தியபோது, தில்லையம்மாள் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“ஏம்மா, யாரு நீங்க? எந்த ஊரு?”

“கடலூர்லேருந்து வர்றோம்மா. ரோட்டுல இருக்கவுங்களுக்கு எடத்துக்கே வந்து வைத்தியம் பாக்குறோம். மனசு சரியில்லாதவுங்களுக்கு.”

“அவருக்கு மனசு நல்லாத்தான் இருக்கு. மொதல்ல செருப்பக் கழட்டிட்டு வாங்க. சாமி முன்னாடி செருப்போடயா குந்துவாங்க?”

ஜெயராணி எழுந்து வந்து செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். தில்லையம்மாள் டோக்கன் கொடுத்தாள்.

“நீங்கதான் இவருக்கு சோறு குடுக்குறீங்களாம்மா? ரொம்ப நல்லது. நாங்க ஒரு மாசமா இவர ஃபாலோ பண்றோம். ராத்திரியில பஸ் ஸ்டாண்டுலதான் மொதல்ல பாத்தோம்.”

அந்த வார்த்தை தில்லையம்மாளுக்குச் சுருக்கென்றது. காயத்ரி பள்ளிக்கூடம் போகும்போது ஒருவன் சைக்கிளில் ஃபாலோ பண்ணினான். கதிர்வேல் இந்த அலமாரியிலிருந்தே ஒரு செருப்பை உருவிக்கொண்டு அவனைத் தெற்கு வீதிவரை துரத்தினார். ஃபாலோ பண்ணுவது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

“எதுக்கு அவரு பின்னாடியே சுத்துறீங்க?”

“ஐயோ, அப்படி இல்லம்மா. எப்படி இருக்காருன்னு விடாம பாத்துக்கிட்டிருக்கோம்னு சொன்னேன்.”

“அதான் நானும் கேக்குறேன். எதுக்குப் பாக்குறீங்க?”

ஜெயராணி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் தில்லையம்மாளுக்கு நல்லதாகப் படவில்லை. வேன் போன பிறகு சுப்பிரமணியன் கிளாஸைக் கழுவிக்கொண்டே கண்ணடித்தான்.

“கிட்னி.”

“என்னாடா?”

“கிட்னிக்கா. ஒறவு இல்லாத ஆளாப் பாத்து ஏத்திக்கிட்டுப் போவாங்க. எங்கியோ ஒரு ஹோம்ல போன ஆளுங்க திரும்பியே வரலன்னு டிவில காட்டல? சோறு போட்டு, முடி வெட்டி, பளபளன்னு ஆக்கி, அப்புறம் ஆளே இருக்க மாட்டான்.”

அன்றைக்கு ஜெயராணி வைத்துவிட்டுப் போன பிஸ்கட்டில் இரண்டைத் தில்லையம்மாள் எடுத்துத் தெருநாய்க்குப் போட்டாள். நாய் தின்றுவிட்டு அலமாரிக்கடியில் சுருண்டு தூங்கியது. அது எந்நேரமும் தூங்குகிற நாய்தான். ஆனாலும் மீதி பிஸ்கட்டை அவள் குப்பையில் கொட்டினாள்.

அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் ஜெயராணி என்ன செய்தாலும் அதில் ஒரு சூது தெரிந்தது. நகம் வெட்டினாள். நகத்தை ஏன் தாளில் மடித்து எடுத்துப் போகிறாள்? போனில் போட்டோ எடுத்தாள். யாருக்குக் காட்ட? பெயர் கேட்டாள், ஊர் கேட்டாள். சாமி இலையைக் கிழித்துக் கொடுத்து “மண்டலம் எறங்கு” என்றார். அவள் இலையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “சரிங்கய்யா” என்றாள். வாக்கின் அருமை தெரியாமல் சரி என்கிறாளே என்று இருந்தது.

ஒரு நாள் அவளே முக்காலி பக்கம் வந்து குந்தினாள்.

“அம்மா, இவருக்கு காதுல என்னென்னமோ குரல் கேக்குது. அதான் தூங்காம நடந்துக்கிட்டே இருக்காரு. டாக்டரும் வந்து பாத்துட்டாரு. மாத்திர போட்டா அமைதியாவாரு. நீங்க சோத்தோட குடுத்தா சாப்பிடுவாரு.”

“நான் குடுக்க மாட்டேன்.”

“ஏம்மா?”

“அமைதியாயிட்டா வாக்கு நின்னு போயிடும். எம் பொண்ணு புள்ளத்தாச்சியா இருக்கா. அவ பெத்துப் பொழைக்கிறவரைக்கும் இவரு நடந்துக்கிட்டேதான் இருக்கணும்.” சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கொஞ்சம் கொடுமையாகக் கேட்க, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். “அதோட, ஒங்க கழுத்துல இருக்குறத நான் பாக்காம இல்ல. அவர வேதத்துக்கு இழுத்துடலாம்னு வந்திருந்தா அந்த நெனப்ப விட்டுடுங்க.”

“நான் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறதே கஷ்டமா இருக்கும்மா. இதுல எங்க அடுத்தவுங்கள இழுக்குறது?” என்றாள் ஜெயராணி.

பிறகு சாமியின் வலது காலில் பாட்டில் சில் குத்தியது. செருப்புக்காரிக்குக் காலைப் பார்த்துத்தானே பழக்கம், முதலில் பார்த்தது தில்லையம்மாள்தான். மஞ்சள் குழைத்துப் போட்டாள். யாரும் திரும்பி வாங்காமல் கிடந்த ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒன்றை மாட்டிக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டு நடந்தார். ஜெயராணி புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டாள். அவள் தலை மறைந்ததும் சாமி கட்டைப் பிரித்து, துணியைத் துண்டு துண்டாகக் கிழித்து, கோயிலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். வாங்கியவர்களில் சிலர் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை சாமி மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் நடக்காமல் இருப்பதைத் தில்லையம்மாள் பார்த்ததே இல்லை. கிட்டே போனால் நாற்றம் அடித்தது. கால் தொடைவரை வீங்கி, புண்ணுக்குள் வெள்ளையாகப் புழு நெளிந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயராணி பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். சிரிப்பு இல்லை.

“அம்மா, இன்னைக்குக் கூட்டிக்கிட்டுப் போகலன்னா காலு போயிடும். அதுக்கப்புறம் ஆளே போயிடுவாரு. போலீஸ்ல சொல்லி எழுதி வாங்கியாச்சு. ஆனா புடிச்சு இழுத்து ஏத்த எனக்கு மனசு வரல. நீங்க சொன்னாதான் ஏறுவாரு.”

“எங்க கொண்டு போவீங்க?”

“மொதல்ல கடலூர் ஆஸ்பத்திரி. புண்ண சுத்தம் பண்ணிட்டு மஞ்சக்குப்பத்துல எங்க ஹோமு. ஆறுனதும் பேசலாம்.”

ஹோம். டீக்கடைப் பக்கம் திரும்பாமலே சுப்பிரமணியன் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தில்லையம்மாளுக்குத் தெரிந்தது. ஏற்றினால் கிட்னி, ஏற்றாவிட்டால் கால். தன் வாயால் ஏறச் சொல்லி, அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பாவம் யார் தலையில்? பேரன் பேத்தி தலையில் அல்லவா இறங்கும்? கோபுரத்தைப் பார்த்தாள். நடராஜா, நீ ஒரு வழி காட்ட மாட்டாயா என்றாள். கோபுரம் பேசாமல் நின்றது. கண் தாழ்ந்தபோது அலமாரியில் ஜெயராணியின் செருப்பு தெரிந்தது. குதிங்கால் பக்கம் ஒரு சாய்வாகத் தேய்ந்து, வாரில் இரண்டு இடத்தில் தையல்.

இவ்வளவு தேய்ந்த செருப்பைப் போட்டிருக்கிறவள் கிட்னி விற்று என்னத்தைச் சம்பாதித்தாள்?

முழு நம்பிக்கை வந்துவிடவில்லை. ஆனாலும் கை தானாக டோக்கன் பெட்டிக்குள் போனது. ஐம்பத்தொன்பது என்று அடித்த ஜோடியை எடுத்தாள். ஒரு வில்லையைக் கறுப்புக் கயிற்றில் கோத்துச் சாமியின் மணிக்கட்டில் கட்டினாள். மற்றொன்றைத் தன் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

“எங்கிட்டயிருந்து எடுத்துக்கிட்டுப் போறீங்க. இந்த நம்பரோட திருப்பிக் குடுக்கணும்.”

“ஆளுக்கு டோக்கனாம்மா?” என்றான் பாலகுமார்.

“செருப்புக்கே குடுக்குறேன். ஆளுக்குக் குடுக்கக் கூடாதா?”

“சாமி, ஏறுங்க” என்று அவள் கைகூப்பியதும் இலைச்சாமி மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆனால் வேன் கதவருகில் போனதும் நின்றுவிட்டார். ஜெயராணியின் தோளைத் தட்டி, “உள்ள போ, உள்ள போ” என்றார். அவள் ஏறினாள். வேறு யாராவது வருகிறார்களா என்று வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியில் தான் ஏறிப் படியில் நின்றுகொண்டு, விரலிடுக்கிலிருந்த பூவரச இலையைச் சுருட்டி, பிள்ளைகள் பீப்பி செய்வதுபோல் வாயில் வைத்து இரண்டு ஊது ஊதினார். ஊதியதுதான் தாமதம், ஜெயராணி போகலாம் என்று சொல்வதற்கு முன்னாலேயே வேன் குலுங்கிக் கிளம்பிவிட்டது.

“இரு பாலா, கதவு!” என்று உள்ளேயிருந்து ஜெயராணி கத்துவது கேட்டது.

என்ன அவசரம் இவர்களுக்கு என்று தில்லையம்மாளுக்கு மறுபடியும் சந்தேகம் தட்டியது.

அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெயராணி கொடுத்த நம்பருக்குப் போன் போட்டாள். இரண்டு தரம் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் எடுத்து, “நல்லா இருக்காரும்மா. தூங்கிக்கிட்டே இருக்காரு” என்றாள். மூன்று வருஷம் தூங்காத மனுஷன் தூங்கிக்கொண்டே இருக்கிறாரா? வியாழக்கிழமை வந்தது, வேன் வரவில்லை. வண்டி ரிப்பேர் என்றார்கள். ரிப்பேர் என்றுதானே சொல்வார்கள்?

மறுநாள் செருப்பு வாங்காமல் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிட்டாள்.

“எங்கக்கா?” என்றான் சுப்பிரமணியன்.

“கடலூருக்கு. எஞ் சாமானத் திருப்பி வாங்க.”

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மஞ்சக்குப்பம் போகும் ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் ஏறினாள். நல்ல கூட்டம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுருக்குப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போனதும் என்ன கேட்க வேண்டும், சட்டையைத் தூக்கி இடுப்பில் தையல் இருக்கிறதா என்று எப்படிப் பார்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் மஞ்சக்குப்பம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

“மண்டலோம்… எறங்கு!”

தில்லையம்மாள் விருட்டென்று நிமிர்ந்தாள். சாமியின் குரல் இல்லை. ஆனால் அதே இழுப்பு, அதே ராகம், கடைசியில் அதே வெட்டு. திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸின் நடுவில் கண்டக்டர் வந்துகொண்டிருந்தார். பஸ் ஆடுகிற பக்கமெல்லாம் அவர் உடம்பும் சாய்ந்து சாய்ந்து ஆடியது. ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருந்தது. இடது கையின் விரலிடுக்குகளில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள். ஒரு கிழவரிடம் நின்று டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தார்.

“செம்மண்டலம் எறங்குறவங்க முன்னாடி வாங்க. உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத.”

விசிலை வாயில் வைத்து இரண்டு ஊது ஊதினார். பஸ் கிளம்பியது.

“ஐயா, நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று தில்லையம்மாள் எழுந்து கத்தினாள்.

“ஏம்மா, தூங்கிட்டியா? எவ்ளோ நேரமா கத்துறேன்!”

“ஐயா, இடது காதுல செவப்புக்கல் கடுக்கன் போட்ட ஒசந்த ஆளு ஒருத்தரு, ஒங்கள மாதிரியே கண்டக்டரு… தெரியுமா?”

கண்டக்டர் முகம் மாறியது. “கொளஞ்சி அண்ணனா? கொளஞ்சியப்பன்? நான் படியில நிக்குற செக்கரா இருந்தப்ப எனக்குத் தொழில் கத்துக் குடுத்ததே அவருதானே! சம்சாரம் செத்ததும் ஒரு மாதிரி ஆயிட்டாரு. ஓடுற பஸ்ஸ விட்டு எறங்கிப் போனவருதான். எங்கம்மா பாத்த? அவரு தங்கச்சி அமிர்தம் இங்கதான், ஸ்டாப்புக்குப் பின்னாடி துணி தேய்க்குறாங்க.”

பின்னாலிருந்து லாரி ஹாரன் அடித்தது. அவளை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது.

தில்லையம்மாள் செம்மண்டலம் நிறுத்தத்தில் வெயிலில் நின்றாள். நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் வரவில்லை. தங்கச்சி என்கிறவள் எப்படிப்பட்டவளோ? அவளே விரட்டிவிட்டிருந்தால்? அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று அடிவயிற்றில் கிடந்தது. அது ஸ்டாப்புப் பெயர்தான் என்றால், காயத்ரி இருந்த விரதம்? வயிற்றில் இருக்கிற பிள்ளை எந்த வாக்கில் நிற்கிறது? யாரிடமும் சொல்லாமல் சிதம்பரத்துக்கே போய்விட்டால் இலைச்சாமி இலைச்சாமியாகவே இருப்பார். மண்டலம் மண்டலமாகவே இருக்கும்.

வந்த வழியே நடந்தாள். மஞ்சக்குப்பம் ஒன்றும் தூரமில்லை.

ஹோம் என்பது மாடி வீடுதான். வாசலில் துளசியும் செம்பருத்தியும் இருந்தன. ஜெயராணி, “அம்மா! சொல்லாம வந்திருக்கீங்க” என்றாள். சொல்லிவிட்டு வந்தால் ஒளித்துவைக்க மாட்டீர்களா என்று தில்லையம்மாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கட்டிலில் படுத்திருந்தவரை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. சடையை எடுத்துவிட்டிருந்தார்கள். மொட்டைத் தலை, சவரம் செய்த கன்னம், வெள்ளைக் கட்டுப் போட்ட கால். கடுக்கன் மட்டும் காதில் இருந்தது. மணிக்கட்டில் கயிறு இல்லை.

“டோக்கன் எங்க?” அவள் குரல் உயர்ந்தேவிட்டது. “என் டோக்கன் எங்க? இந்த ஆளுதான்னு எப்படி நம்புறது? மொகத்த வச்சு நான் வாங்கிக்க மாட்டேன்!”

சத்தத்தில் அவர் கண் திறந்தது. தில்லையம்மாள் ஜெயராணியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பஸ்ஸில் கேட்ட அதே இழுப்பில் சொன்னாள்.

“மண்டலோம்… எறங்கு.”

அவர் அவளை ஒரு கண்டிப்போடு பார்த்தார்.

“இன்னும் மஞ்சக்குப்பமே தாண்டல. அதுக்குள்ள ஏம்மா எழுந்திருக்குற? ஒக்காரு.” தலையணைக்கடியில் கையை விட்டு, ஐம்பத்தொன்பது நம்பர் வில்லையை எடுத்தார். “டிக்கெட் வாங்கிட்டியா?”

தில்லையம்மாள் சுருக்குப்பையைத் திறந்து தன் வில்லையை நீட்டினாள். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரி என்று தலையாட்டி, அவளுடையதை அவளிடமே கொடுத்தார். அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்துவிட்டாள். சட்டை விலகிய இடுப்பில் எங்கும் தையல் இல்லை. அதை அவள் பார்க்கத் தவறவில்லை.

“இங்க வந்து இதான் மொத மொற இவ்ளோ பேசுறாரு” என்றாள் ஜெயராணி மெதுவாக. “பேரு ஊரு தெரியலன்னு நாங்க எழுதி வச்சிருக்கோம். ஆளுங்க தேடிக்கிட்டு இருப்பாங்களோ என்னமோ. உங்ககிட்ட எதாவது சொல்லியிருக்காராம்மா?”

அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. மூன்று வருஷமாக இந்த மனுஷன் கீழ வீதியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் ஊரைச் சொல்லியிருக்கிறார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனோமே தவிர ஒருவரும் கேட்கவில்லை. நடராஜா, எம் பொண்ணு வயித்த நீ பாத்துக்கோ என்று வேண்டிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

“இவரு பேரு கொளஞ்சியப்பன். கண்டக்டரு. செம்மண்டலம்.”

ஜெயராணியின் முகம் இறுகியது. “உங்களுக்கு எப்படித் தெரியும்? இவ்ளோ நாளா தெரிஞ்சுக்கிட்டேவா சொல்லாம இருந்தீங்க?”

“பாத்தியா, இப்ப நீ என்னையச் சந்தேகப்படுற” என்றாள் தில்லையம்மாள். “வா, நடந்துக்கிட்டே சொல்றேன்.”

அமிர்தம் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே அவர்களைப் பார்த்தாள். கரிப்பெட்டி சிவந்து கனன்றது. அண்ணன் என்ற வார்த்தையை ஜெயராணி சொன்னதும் அவள் பார்வையும் அப்படியே ஆனது.

“யாரு நீங்க? எந்த ஆபீஸு? போன வருஷமும் ஒருத்தன் இப்படித்தான் வந்து, உங்க அண்ணன வேளாங்கண்ணியில பாத்தேன்னு சொல்லி என்னைய நாயா அலைய விட்டான்.”

ஜெயராணி போனில் போட்டோவைக் காட்டினாள். மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமும். கண்ணை மூடித் தூங்கும்போது எடுத்தது.

“இது எங்க அண்ணன் இல்ல. எங்க அண்ணனுக்கு தல நெறைய முடி. போங்கம்மா, வேலைய பாத்துக்கிட்டு. காதுல கடுக்கன் போட்டவனெல்லாம் எங்க அண்ணனா?”

பெட்டியைத் துணியில் வைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். தில்லையம்மாளுக்கு அமிர்தத்தின்மேல் கோபம் வரவில்லை. முகத்தை வைத்துக் கொடுக்காதவள், வாங்காதவள். சரியான பொம்பளைதான்.

அவள் ஒரு கையை மேலே தூக்கிக் கம்பியைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, தேய்க்கிற மேசையை நோக்கி நாலு அடி நடந்து வந்தாள். மூன்று வருஷமாக தினமும் பார்த்துக் கும்பிட்ட நடை. அது அவள் உடம்பில் அப்படியே இருந்தது. மேசையருகில் நின்று, இல்லாத இலையைக் கிழித்து அமிர்தத்தின் முன் நீட்டினாள்.

“மண்டலோம்… எறங்கு!”

துணி தீய்ந்து புகை வந்தது. ஜெயராணிதான் பாய்ந்து பெட்டியைத் தூக்கினாள். அமிர்தம் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க அண்ணன்தான்… எங்க அண்ணன்தான் இப்படி இழுக்கும். அதுக்கு ‘செம்’மே வராது. வீட்டுல நாங்க கேலி பண்ணுவோம்…”

மூச்சு அடங்கியதும் எழுந்து முந்தானையை உதறினாள். கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்ப ஒரே நிமிஷம்தான் ஆயிற்று. தில்லையம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, சுருக்குப்பையிலிருந்து தகர வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

“இது என்னாக்கா?”

“டோக்கன். இதோட ஜோடி அவரு தலவாணிக்கடியில இருக்கு. கேட்டா இதக் காட்டு. இல்லன்னா ஒன்னைய உள்ள விடாது ஒங்க அண்ணன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். “வில்லைய மட்டும் பத்தரமா வச்சிரு. வளைகாப்புக்குக் கூப்புட வருவேன், அப்ப எனக்குத் திருப்பிக் குடுக்கணும்.”